டெடி பியருக்குப் பெயர் கொடுத்தவரின் மூச்சும் குரலும்: ஆஸ்துமா மருந்து தொண்டையை என்ன செய்யும்?

இன்ஹேலர் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து குரல் கட்டுது என்று சொல்லி, மருந்தை ஓரமாக வைத்துவிட்ட ஒருவர் நம்மில் பலருடைய அலுவலகத்திலும் இருப்பார். காலை மீட்டிங்கில் குரல் கரகரக்கும், மாலை கிளையன்ட் காலில் உடையும். பேசுவதுதான் வேலை என்றால், குரல் போவது சம்பளம் போவது மாதிரி. மருந்தை விட்டால் குரல் திரும்பிடும் என்று அவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு ஏன் தப்பு? இன்ஹேலரே இல்லாத காலத்தில் ஆஸ்துமாவோடு வளர்ந்து, மேடைப் பேச்சையே தொழிலாக்கிக்கொண்ட ஒருவரின் வாழ்க்கை இதற்கு நல்ல பதில் தருகிறது.

அவர் தியோடர் ரூஸ்வெல்ட். அமெரிக்காவின் 26-வது அதிபர். ரஷ்மோர் மலையில் செதுக்கப்பட்ட நான்கு முகங்களில் ஒன்று இவருடையது. டெடி பியர் பொம்மைக்குப் பெயர் வந்ததும் இவரால்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு ஆள். தூரத்து உறவு, அவ்வளவுதான்.

நியூயார்க்கில் ஒரு நோஞ்சான் பையன்

1858 அக்டோபர் 27 அன்று நியூயார்க் நகரில், வசதியான வணிகர் வீட்டில் பிறந்தார். வீட்டில் செல்லப் பெயர் டீடி. மூன்று வயது வாக்கில் ஆஸ்துமா தொடங்கியது. பெரும்பாலும் இரவில்தான் வரும். படுக்க முடியாது, தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும். மூச்சை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் கஷ்டம். நாம் வீசிங் என்று சொல்லும் அந்த விசில் சத்தம் அறை முழுக்கக் கேட்கும்.

அப்பாவின் பெயரும் தியோடர்தான். மகனைத் தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் அறைக்குள் நடப்பார். அதுவும் பலிக்காவிட்டால் நடுராத்திரியில் குதிரை வண்டியைப் பூட்டச் சொல்லி, மகனை ஏற்றிக்கொண்டு நகரத் தெருக்களில் வேகமாக ஓட்டுவார். எதிர்க்காற்று நுரையீரலுக்குள் போகும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த அப்பாதான் தனக்கு மூச்சையும் உயிரையும் கொடுத்தவர் என்று ரூஸ்வெல்ட் பிற்காலத்தில் சொன்னார்.

ஆஸ்துமாவில் என்ன நடக்கிறது? நுரையீரலுக்குள் கிளை கிளையாகப் பிரியும் காற்றுக் குழாய்களின் உள்சுவர் அழற்சியால் வீங்குகிறது. குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. உள்ளே சளி சேர்கிறது. குழாய் குறுகி, காற்று உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அழற்சிதான் வேர் என்பது அந்தக் கால மருத்துவர்களுக்குத் தெரியாது. பலர் அதை நரம்புக் கோளாறு என்றே நினைத்தார்கள். அதனால் கொடுத்த மருந்துகளும் ஒரு தினுசாக இருந்தன.

காபி, சுருட்டு, வாந்தி மருந்து

சின்னப் பையனுக்குக் கொடுக்கப்பட்ட முதல் மருந்து பால் கலக்காத கடுங்காபி. இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர் 1860-ல் ஆஸ்துமா பற்றி எழுதிய புத்தகம் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அவருக்கே ஆஸ்துமா உண்டு. வெறும் வயிற்றில் கடுங்காபி குடிக்கச் சொன்னவர் அவர். அதில் விஷயமும் இருக்கிறது. காபியில் உள்ள காஃபீனும், பின்னாளில் ஆஸ்துமா மாத்திரையாக வந்த தியோபிலினும் வேதியியலில் ஒரே குடும்பம். காஃபீன் காற்றுக் குழாய்த் தசைகளைக் கொஞ்சம் தளர்த்தும். ஆனால் அந்தப் பலன் சிறியது. மருந்துக்குப் பதிலாகக் காபியை நம்பிவிட முடியாது.

இரண்டாவது மருந்து சுருட்டு. ஆமாம், குழந்தைக்குச் சுருட்டு! பழக்கமில்லாதவர் சுருட்டு பிடித்தால் தலை சுற்றும், குமட்டும், உடல் துவண்டுவிடும். அந்தத் துவளலில் குழாய்களின் இறுக்கமும் தளரும் என்பது அன்றைய வாதம். மூன்றாவது, இபிகாக் என்ற தாவர வேரிலிருந்து எடுத்த வாந்தி மருந்து. வாந்தி எடுத்தால் இறுக்கம் விடும் என்று நம்பினார்கள்.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய இன்னொரு மருந்துக்கு நம்ம ஊர்த் தொடர்பு உண்டு. ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் இளைப்பு அடங்கும் என்பது இந்தியாவில் பழைய வழக்கம். மெட்ராஸில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் வழியாக அது ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரிக்குத் தெரிந்தது. 1802-ல் அது பிரிட்டனுக்குப் போனது. பிறகு ஆஸ்துமா சிகரெட் என்ற பெயரில் மருந்துக் கடைகளில் விற்றது, 20-ம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் காற்றுக் குழாயை விரிக்கும் என்பது உண்மை. ஆனால் அது கொடிய விஷமும்கூட. அளவு கொஞ்சம் கூடினாலும் மனக்குழப்பம், இதயப் படபடப்பு, மரணம் வரை போகும். வீட்டில் முயன்று பார்க்கும் சமாச்சாரம் இல்லவே இல்லை.

சரி, இதுக்கெல்லாம் குரலோடு என்ன சம்பந்தம்?

நாதஸ்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவரின் மூச்சு சீவாளியை அதிர வைக்கிறது. குழல் அந்த அதிர்வை நாதமாக்குகிறது. நம் உடலில் மூச்சைத் தள்ளுவது நுரையீரல், சீவாளி இடத்தில் குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள், குழல் இடத்தில் தொண்டையும் வாயும் மூக்கும். சாதாரணமாகப் பேசும்போதே ஆண்களுக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்களுக்கு ஏறக்குறைய இருநூறு முறையும் நாண்கள் ஒன்றோடொன்று மோதி விலகுகின்றன. அதற்கு அவை ஈரமாக இருக்க வேண்டும், வீங்காமல் இருக்க வேண்டும், கீழிருந்து காற்று சீராக வர வேண்டும்.

இப்போது அந்த மருந்துப் பட்டியலை மறுபடி பாருங்கள். சுருட்டுப் புகை குரல் நாணை எரிச்சலூட்டி வீங்க வைக்கும். வாந்தி எடுக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்று அமிலம் குரல்வளையைத் தொட்டுவிட்டுப் போகும். ஊமத்தை ஈரத்தை உறிஞ்சித் தொண்டையை வறள வைக்கும். காபி சிலருக்கு எதுக்களிப்பைக் கூட்டும். நோயைத் தொட்டும் தொடாமலும் விட்டு, தொண்டையை மட்டும் நன்றாகப் பதம் பார்த்த மருந்துகள் இவை.

உடம்பைக் கட்டிய கதை

பையனுக்கு ஏறக்குறைய 12 வயதானபோது அப்பா ஒரு பேச்சு பேசினார். மூளை இருக்கிறது, ஆனால் உடம்பு துணைக்கு வராவிட்டால் மூளை ஒரு எல்லைக்கு மேல் போக முடியாது, உடம்பை நீயேதான் கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டிலேயே ஓர் உடற்பயிற்சிக் கூடம் அமைத்துக் கொடுத்தார். கம்பிகளில் தொங்குவது, எடை தூக்குவது என்று பையன் இறங்கிவிட்டான்.

13 வயதில் ஓர் ஆஸ்துமா தாக்குதலுக்குப் பிறகு, காற்று மாற்றத்துக்காக மெய்ன் மாநிலத்தின் மூஸ்ஹெட் ஏரிக்கு அனுப்பினார்கள். வழியில் வண்டியில் வந்த இரண்டு பையன்கள் அவனைச் சீண்டிக்கொண்டே வந்தார்கள். திருப்பி அடிக்கப் பார்த்தான், அவர்களுக்கு வலிக்கும்படி ஒரு அடிகூட விழவில்லை. திரும்பி வந்ததும் குத்துச்சண்டை கற்றுக்கொள்ள ஆரம்பித்தான்.

1876-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது தாக்குதல்கள் குறைந்திருந்தன. இங்கேதான் ஒரு பிரபலமான கதை பிறக்கிறது. மன உறுதியாலும் உடற்பயிற்சியாலும் ரூஸ்வெல்ட் ஆஸ்துமாவைத் தோற்கடித்துவிட்டார் என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குழந்தைப் பருவ ஆஸ்துமா வளரிளம் பருவத்தில் பலருக்குத் தானாகவே தணிகிறது. அது மருத்துவர்கள் தினமும் பார்க்கும் விஷயம். உடற்பயிற்சி நுரையீரலுக்கும் இதயத்துக்கும் நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் குழாய்க்குள் இருக்கும் அழற்சியை மன உறுதி ஆற்றாது. ரூஸ்வெல்ட்டுக்கும் பெரியவரான பின் அவ்வப்போது மூச்சுத்திணறல் வந்துகொண்டுதான் இருந்தது.

ஹார்வர்டில் அவர் படிப்பு முடிக்கும் தறுவாயில் கல்லூரி மருத்துவர் இதயத்தில் பலவீனம் இருப்பதாகச் சொல்லி, மாடிப்படிகூட வேகமாக ஏறாமல் அமைதியாக வாழும்படி அறிவுறுத்தினார். அந்த அறிவுரையை அவர் கடைசி வரை கேட்கவே இல்லை.

கீச்சுக்குரல் சட்டமன்ற உறுப்பினர்

கல்லூரி நாட்களிலேயே அவர் பேச்சு சகமாணவர்களுக்கு வேடிக்கை. சொல்ல வேண்டியது மூளையில் வேகமாக ஓடும், வாய் பின்தங்கும், வார்த்தைகள் முட்டிக்கொள்ளும். 1882 ஜனவரியில், 23 வயதில், நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குள் மிக இளைய உறுப்பினராக நுழைந்தார். அவைத் தலைவரின் கவனத்தை ஈர்க்க எழுந்து நின்று மறுபடி மறுபடி கூப்பிடுவார். மெல்லிய, உச்சத்தில் போய்க் கீச்சிடும் அந்தக் குரலைப் பத்திரிகைகள் கிண்டல் செய்தன.

குரலின் சுருதி குரல் நாண்களின் நீளம், தடிமன், இறுக்கத்தைப் பொறுத்தது. அது பெரும்பாலும் உடல்வாகு. ஆனால் குரலின் பலம் மூச்சைப் பொறுத்தது. ஆஸ்துமா இருப்பவருக்கு வெளியே போகும் காற்று தடைபடுவதால், ஒரே மூச்சில் நீளமான வாக்கியத்தை முடிக்க முடியாது. கழுத்துத் தசைகளை இறுக்கி, மேல் மார்பாலேயே மூச்சிழுத்துப் பேசும் பழக்கம் வந்துவிடும். சத்தம் வேண்டும் என்றால் தொண்டையை நெரித்துக் கத்த வேண்டியிருக்கும். அதாவது ஒரு மருந்தும் எடுக்காமல் இருந்தாலும், கட்டுப்படாத ஆஸ்துமாவே குரலைக் கெடுக்கும். இன்ஹேலரை நிறுத்துபவர்கள் மறந்துவிடும் பாயிண்ட் இதுதான்.

இரண்டு மரணங்கள், ஒரு புல்வெளி

1884 பிப்ரவரி 14. ஒரே நாளில், ஒரே வீட்டில், அம்மாவும் மனைவியும் இறந்தார்கள். அம்மாவுக்கு டைபாய்டு. மனைவி ஆலிஸுக்குச் சிறுநீரக நோய். அவர் பெண் குழந்தை பெற்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அப்பா ஆறு வருடங்களுக்கு முன்பே போய்விட்டார். 25 வயது ரூஸ்வெல்ட் அரசியலை விட்டு விலகி, மேற்கே டகோட்டாவில் தான் முதலீடு செய்திருந்த மாட்டுப் பண்ணைக்குப் போனார்.

அங்கே நாளெல்லாம் குதிரை மேல் இருந்தார். மாடுகளை ஓட்டினார், திறந்தவெளியில் தூங்கினார், கூப்பிடு தூரத்தில் இருப்பவரை உரக்கக் கூப்பிட்டுப் பழகினார். 1885-ல் அவர் கிழக்கே திரும்பி வந்தபோது பிட்ஸ்பர்க் செய்தித்தாள் ஒன்று ஆளே மாறிவிட்டதாக எழுதியது. வெளிறி ஒல்லியாக இருந்தவர் வெயிலில் கறுத்து, ஏறக்குறைய 13 கிலோ எடை கூடியிருந்தார். சிறிய அரங்கில்கூட எதிரொலிக்காத அந்தக் குரல், இப்போது எருதுகளை விரட்டும் அளவுக்கு வலுத்திருந்ததாக அந்தச் செய்தி வியந்தது.

ஓர் ஆளின் குரல் மாறியது செய்தியாகப் பதிவானது அபூர்வம். என்ன மாறியிருக்கும்? சுருதி மாறவில்லை, அவர் கடைசி வரை உச்சக் குரல்காரர்தான். மாறியது மூச்சின் பலம். மார்புத் தசை, உதரவிதானம், திறந்தவெளியில் தொடர்ந்து கூப்பிட்டுப் பேசிய பழக்கம். துருத்தி பலமானதும் சீவாளி நன்றாக ஒலித்தது.

மைக் இல்லாத காலத்தில் 673 பேச்சு

அதற்குப் பிறகு வாழ்க்கை எக்ஸ்பிரஸ் வேகம். மறுமணம், நியூயார்க் போலீஸ் ஆணையர், கடற்படைத் துணைச் செயலர். 1898-ல் ஸ்பெயினுக்கு எதிரான போரில் தன்னார்வக் குதிரைப்படையோடு கியூபாவில் சண்டை. அடுத்து நியூயார்க் ஆளுநர். 1900-ல் துணை அதிபர் வேட்பாளராக ரயிலில் ஊர் ஊராகப் போனார். 24 மாநிலங்கள், 567 ஊர்கள், 673 பேச்சுகள் என்று கணக்கு சொல்கிறார்கள். ஒலிபெருக்கி கிடையாது. ரயில் பெட்டியின் பின்புற மேடையில் நின்று, எஞ்சின் சத்தத்துக்கு மேல், ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கேட்கும்படி வெறும் தொண்டையில் பேச வேண்டும்.

1901 செப்டம்பரில் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தார். ரூஸ்வெல்ட் 42 வயதில் அதிபரானார். அந்த நாட்டின் மிக இளைய அதிபர் இன்றும் அவர்தான். 1902-ல் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போனபோது, கட்டிவைக்கப்பட்டிருந்த ஒரு கரடியைச் சுட மறுத்தார். அது கார்ட்டூனாக வந்தது, புரூக்ளின் கடைக்காரர் ஒருவர் அதைப் பொம்மையாக்கினார். டெடி பியர் பிறந்தது. 1906-ல் ரஷ்யா–ஜப்பான் போரை முடித்துவைத்ததற்காக அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

குழந்தையில் மருந்தாகத் தரப்பட்ட இரண்டில் ஒன்றை விட்டார், ஒன்றைப் பிடித்துக்கொண்டார். பெரியவரான பின் புகை பிடிக்கவில்லை. காபியை மட்டும் விடவே இல்லை. அவர் கோப்பையைக் குளியல் தொட்டிக்கு ஒப்பிட்டுக் கேலி செய்திருக்கிறார் அவர் மகன். குரலுக்கு இந்தத் தேர்வில் பாதி நல்லது.

அவர் அதிபரான அதே 1901-ல், அதே நியூயார்க்கில், ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே அட்ரினலினைத் தூய பொருளாகப் பிரித்தெடுத்ததை வெளியிட்டார். இரண்டே வருடத்தில் நியூயார்க் மருத்துவர்கள் அதை ஆஸ்துமா தாக்குதலுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். சுருட்டும் வாந்தியும் செய்யாததை அது சில நிமிடங்களில் செய்தது. ரூஸ்வெல்ட்டின் குழந்தைப் பருவத்துக்குத்தான் அது நாற்பது வருடம் தாமதம்.

1912: தொண்டை மருத்துவரும் ஒரு தோட்டாவும்

பதவியை விட்டு இறங்கிய பின் 1912-ல் புதுக்கட்சி சார்பில் மறுபடி அதிபர் தேர்தலில் நின்றார். தினமும் பல கூட்டங்கள். 53 வயதில் தொண்டை ஒத்துழைக்கவில்லை. டல்லாஸைச் சேர்ந்த தொண்டை மருத்துவர் ஸ்கர்ரி டெரல் பிரச்சாரப் பயணத்தில் கூடவே வந்தார். ஒரு வேட்பாளர் தொண்டை மருத்துவரைக் கூடவே அழைத்துப் போகிறார் என்றால், குரலின் நிலைமை எப்படி இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

அக்டோபர் 14, மில்வாக்கி நகரம். கூட்டத்துக்குக் கிளம்பி காரில் நின்றவரை ஜான் ஷ்ராங்க் என்பவர் மிக அருகிலிருந்து மார்பில் சுட்டார். சட்டைப் பையில் இரண்டாக மடித்து வைத்திருந்த 50 பக்க உரையையும் இரும்புக் கண்ணாடிக் கூட்டையும் துளைத்த பிறகே தோட்டா மார்புக்குள் போனது. வேகம் குறைந்துவிட்டது.

அடுத்து அவர் செய்ததைக் கவனியுங்கள். கையை வாயருகே வைத்து இருமிப் பார்த்தார். ரத்தம் வரவில்லை. தோட்டா நுரையீரலைத் தொடவில்லை என்று தானே முடிவு செய்தார். மூன்று வயதிலிருந்து தன் மார்புக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்று கவனித்தே வளர்ந்த மனிதருக்கு அந்தச் சோதனை இயல்பாகவே தோன்றியிருக்க வேண்டும். மருத்துவமனைக்குப் போகச் சொன்ன மருத்துவரின் பேச்சைக் கேட்காமல் மேடை ஏறி, ரத்தம் கசியும் சட்டையோடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் பேசினார். குரல் தளர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. அந்தத் தோட்டா கடைசி வரை உடலுக்குள்ளேயே இருந்தது. தேர்தலில் மட்டும் தோற்றார்.

அதே ஆண்டு எடிசன் நிறுவனம் அவர் பேச்சுகள் சிலவற்றைப் பதிவு செய்தது. இணையத்தில் இன்றும் கேட்கலாம். முறுக்கு மீசைக்கும் அகன்ற மார்புக்கும் பொருத்தமாகக் கம்பீரக் கட்டைக்குரலை எதிர்பார்த்துக் கேட்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். மெல்லிய, உயர்ந்த குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லும் வெட்டி வைத்த மாதிரி தெளிவு. சொல்லைக் கடித்துத் துப்பும் பாணி அது.

1913–14-ல் அமேசான் காட்டு ஆற்றுப் பயணத்தில் மலேரியாவும் காலில் ஏற்பட்ட சீழ்க்காயமும் அவரைச் சாவின் விளிம்புக்குக் கொண்டு போயின. 1918 ஜூலையில் இளைய மகன் குவென்டின் முதல் உலகப் போரில் விமானத்தோடு வீழ்ந்தார். 1919 ஜனவரி 6 அதிகாலை, நியூயார்க் அருகே சாகமோர் ஹில் வீட்டில், தூக்கத்திலேயே ரூஸ்வெல்ட் இறந்தார். வயது 60. அந்த இரவு அவர் மூச்சுவிடுவதில் சிரமப்பட்டது பதிவாகியிருக்கிறது.

அவருக்குக் கிடைக்காத மருந்து, நமக்குக் கிடைத்த பிரச்சினை

கையடக்க இன்ஹேலர் 1956-ல் வந்தது. இறுகிய தசையை உடனே தளர்த்தும் சால்புடமால் 1960-களின் கடைசியில் வந்தது. அடிப்படை நோயான அழற்சியையே அடக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர், பெக்லோமெத்தசோன், 1972-ல் வந்தது. இன்று பலர் எடுக்கும் புடசோனைடு, புளூட்டிகசோன் எல்லாம் அந்த வரிசை. தினமும் ஒழுங்காக எடுத்தால் தாக்குதல்களும் ஆஸ்துமா மரணங்களும் பெருமளவு குறைகின்றன.

ஆனால் நுரையீரலுக்குப் போகும் வழியில்தான் குரல்வளை இருக்கிறது. வேறு பாதை கிடையாது. ஸ்பிரே இன்ஹேலரை நேரடியாக வாயில் அடிக்கும்போது மருந்தின் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே படிந்துவிடுகிறது. அதனால் மூன்று விதமாகக் குரல் கெடலாம்.

ஒன்று, பூஞ்சை. ஸ்டீராய்டு படிந்த இடத்தில் உள்ளூர் எதிர்ப்புச் சக்தி குறைவதால் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்ந்து, வாயிலும் தொண்டையிலும் வெள்ளைத் திட்டுகள் வரும். சிலருக்குக் குரல்வளை வரை இறங்கும்.

இரண்டு, தசைத் தளர்ச்சி. குரல் நாணுக்குள் இருக்கும் மெல்லிய தசையைத் தொடர்ந்து படியும் ஸ்டீராய்டு பலவீனமாக்கலாம். நாண்கள் முழுதாகச் சேராமல் நடுவில் சின்ன இடைவெளி விழும். காற்று கசியும்; குரல் கரகரக்கும், சீக்கிரம் களைக்கும். மருந்தின் அளவோ வகையோ மாற்றப்பட்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்று, எரிச்சல். ஸ்பிரேயை உந்தும் வாயுவோ, பவுடர் இன்ஹேலரின் துகளோ தொண்டையைச் சீண்டி இருமல் வரவைக்கும். இருமி இருமியே நாண்கள் வீங்கும்.

மற்ற மருந்துகளுக்கும் பங்கு உண்டு. ஊமத்தையின் அட்ரோபினுக்கு வேதியியல் வாரிசுகளான இப்ரட்ரோபியம், டையோட்ரோபியம் வாயை வறள வைக்கும். தியோபிலின் மாத்திரை எதுக்களிப்பைக் கூட்டலாம். சால்புடமால் கை நடுக்கமும் படபடப்பும் தரும், குரலை அவ்வளவாகத் தொடாது. ஆபத்து இங்கேதான். குரலைக் கெடுக்கும் தடுப்பு மருந்தை விட்டுவிட்டு, குரலைத் தொடாத சால்புடமாலை மட்டும் அடித்துக்கொண்டு ஓட்டலாம் என்று தோன்றும். அது அழற்சியைத் தொடாது. மேலுக்கு மூச்சு விட்டமாதிரி இருக்கும், உள்ளே நோய் வளரும். ஸ்டீராய்டு இல்லாமல் சால்புடமால் மட்டும் எடுப்பதைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டியான ஜினா 2019-லேயே சொல்லிவிட்டது.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஹேலரின் அளவு மைக்ரோகிராம் கணக்கு, மாத்திரையின் அளவு மில்லிகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராம் என்றால் 1000 மைக்ரோகிராம். இன்ஹேலரை நிறுத்தி, தாக்குதல் வந்து, மருத்துவமனையில் மாத்திரையாகவும் ஊசியாகவும் வாங்கிக்கொள்வதுதான் அதிக ஸ்டீராய்டு.

குரல் கட்டினால் என்ன செய்யலாம்?

ஸ்பிரே இன்ஹேலர் என்றால் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைப் பொருத்தி எடுங்கள். பெரிய துளிகள் குடுவையிலேயே தங்கிவிடும், தொண்டையில் படிவது குறையும்.

எடுக்கும் முறையை மருத்துவர் முன்னால் செய்து காட்டிச் சரிபாருங்கள். ஸ்பிரேவை மெதுவாக, ஆழமாக இழுத்துப் பத்து நொடி மூச்சைப் பிடிக்க வேண்டும். பவுடர் வகையை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும்.

எடுத்ததும் தண்ணீரால் தொண்டை வரை கொப்பளித்துத் துப்புங்கள். பல் துலக்குவதற்கு முன் எடுக்கும் பழக்கம் வைத்துக்கொண்டால் மறக்காது.

அதுவும் போதவில்லை என்றால் மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள், குரல்தான் பிழைப்பு என்பதையும் சேர்த்து. நோய் சில மாதங்கள் கட்டுக்குள் இருந்தால் அளவைக் குறைக்கலாம், கருவியை மாற்றலாம், நுரையீரலுக்குப் போன பிறகே செயல்படத் தொடங்கும் சிக்லசோனைடு போன்ற மருந்துக்கு மாறலாம். இவை அவர் எடுக்க வேண்டிய முடிவுகள்.

தண்ணீர் குடியுங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமுவதையும் கிசுகிசுத்துப் பேசுவதையும் தவிருங்கள். இரண்டும் நாண்களை மேலும் உரசும். நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் கவனியுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்ப்பது அவசியம். எல்லாப் பழியையும் இன்ஹேலர் மேல் போட்டுவிட்டு வேறு நோயைத் தவறவிடக் கூடாது.

ரூஸ்வெல்ட்டின் அப்பா நடுராத்திரியில் குதிரை வண்டி பூட்டியது, வேறு வழி இல்லாததால். மகன் மூச்சுவிட வேண்டும் என்பதற்காகத் தொண்டையைக் கெடுக்கும் எதையும் கொடுக்க அந்த வீடு தயாராக இருந்தது. நமக்கு அந்த நிலைமை இல்லை. மூச்சைக் காக்கும் மருந்தும் இருக்கிறது, அது குரலைத் தொட்டால் சரிசெய்யும் வழிகளும் இருக்கின்றன. மருந்து நிற்காத வரை குரலுக்கு நேரம் இருக்கிறது. மூச்சு நின்றால் குரலும் இல்லை.